ரோஸ் அடித்தால் கோபம் குறையுமா?

கேள்வி: வீட்டுச் சுவருக்கு ரோஸ் பெயின்ட் அடித்தால் என் கணவரின் கோபம் தணியுமா?

பதில்: இதை நம்பி அமெரிக்காவில் ஜெயிலுக்கே ரோஸ் அடித்தார்கள், சகோதரி! 1979-ல் சியாட்டில் கடற்படைச் சிறையில் ஓர் அறைக்கு, எட்டுப் பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு சிவப்பு கலந்து பூசினார்கள். கைதிகளின் முரட்டுத்தனம் அடங்கியது என்றார்கள். அங்கிருந்த அதிகாரிகள் பேக்கர், மில்லர் பெயரே அந்த நிறத்துக்கு நிலைத்தது. அயோவா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஹேடன் ஃப்ரை, எதிரணி உடை மாற்றும் அறைக்கு ரோஸ் அடித்தார். உளவியல் படித்தவராயிற்றே! ஆனால் பின்னாளில் சுவிட்சர்லாந்துச் சிறையில் முறையாகச் சோதித்தபோது, ரோஸ் அறைக்கும் சாதாரண அறைக்கும் கைதிகளின் கோபத்தில் வித்தியாசமே தெரியவில்லை. பெயின்ட் காசை மிச்சம் பிடியுங்கள். கோபம் எதனால் என்று அவரிடமே உட்கார்ந்து கேளுங்கள்.