ஒரு கேமரா போதும்

பணி ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் பறவைப் படம் எடுக்கக் கிளம்பும் தம்பதிகள் செய்யும் முதல் தப்பு, ஆளுக்கொரு கேமரா வாங்குவது. கடைக்காரர் இதைத் தப்பு என்று சொல்லவே மாட்டார். ஆனால் கணக்கு சொல்கிறது. 600 மி.மீ. லென்ஸுக்குள் கண்ணை வைத்தவருக்கு உலகம் சுமார் மூன்றரை டிகிரி அகலம்தான். கையை நீட்டி இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தால் மறைந்துபோகும் அளவு. பைனாகுலரில் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு தெரியும். வெறும் கண்ணுக்கோ அரைவட்டமே தெரியும். இருவரும் லென்ஸுக்குள் தலையை விட்டுக்கொண்டால், தலைக்கு மேல் கூழைக்கடா பறந்து போவதைப் பார்க்க ஆளிருக்காது. ஒருவர் பார்க்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். ஒரு கேமரா, ஒரு பைனாகுலர், கதை முடிந்தது.

பார்த்தால் மட்டும் போதாது, இருக்கும் இடத்தைச் சொல்லவும் தெரிய வேண்டும். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று “அந்த மரத்துல” என்றால் எந்த மரத்தில்? தண்ணீருக்குள் நிற்கும் மரங்களெல்லாம் ஒரே சாயல், எதைப் பார்த்தாலும் கூடு. இங்கேதான் முப்பது வருடத் தாம்பத்தியம் கைகொடுக்கிறது. அலமாரி முன்னாலேயே நின்றுகொண்டு பெருங்காய டப்பாவைக் காணோம் என்று கூவும் கணவருக்கு, “ரெண்டாவது தட்டு, இடது ஓரம், புளி ஜாடிக்குப் பின்னாடி” என்று கூடத்திலிருந்தே வழி சொல்லிப் பழகியவர் மனைவி. “மொட்டைக் கிளைக்கு ரெண்டு முழம் கீழே, வலப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கு” என்று சொல்ல அவருக்குத் தனிப் பயிற்சி எதற்கு? பறவை கிளம்பும் நேரத்தையும் அவரே சொல்லிவிடலாம். பல பறவைகள் பறக்குமுன் உடலைத் தாழ்த்தும், எச்சமிடும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி பாய்வதற்கு முன் தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். பைனாகுலர்க்காரர் “இப்போ” என்றதும் மற்றவர் பட்டனை அழுத்த வேண்டியதுதான். நியாயமாக, முறை மாற்றித்தான் கேமராவைப் பிடிக்க வேண்டும். வழி சொல்லும் முறை கணவருக்கு வரும்போது நிறையப் பறவைகள் படத்தில் சிக்காமல் தப்பிக்கும். அதுவும் ஒருவகை வனப் பாதுகாப்பே.

இப்படிப் பேசிக்கொண்டிருந்தால் பறவை பறந்துவிடாதா என்பார்கள். நியாயமான கேள்விதான். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், சத்தத்தில் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. ஆனால் கல்யாணப் பந்தியில் ஒரு புருவத்தை உயர்த்தி “போதும், எழுந்திருங்க” என்று சொல்லிப் பழகியவர்களுக்கு வாய் எதற்கு? தனி ஆளாகச் சாதித்தவர்கள் இல்லையா என்று அடுத்தபடியாக காட்டுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணனை (1912–1996) இழுப்பார்கள். அவர், பழக்கப்பட்ட யானைமேல் அமர்ந்தும் காட்டு யானைகளைப் படம் எடுத்தவர். அப்போது பாகன் கண்ணும் யானை மூக்கும் உதவிக்கு இருந்தன. நமக்கு அந்த வசதி இல்லை, வாய்த்தவரைத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

உண்மையில் இரண்டாவது ஆள் அதிகம் தேவைப்படுவது ஏரிக்கரையில் அல்ல, வீட்டில், சாப்பாட்டுக்குப் பின். இன்றைய கேமராக்கள் நொடிக்குப் பத்துப் படம் சர்வசாதாரணமாக எடுக்கும்; காலையில் போய்த் திரும்பினால் மெமரி கார்டில் நத்தைகுத்தி நாரையே ஐந்நூறு முறை நிற்கும். எடுத்தவருக்கு ஒன்றைக்கூட அழிக்க மனம் வராது. “இதுல காத்து எப்படி வீசுது பாரு” என்பார். பக்கத்தில் இருப்பவருக்கு அந்தப் பாசம் கிடையாது: கண் மங்கல், அழி, வால் வெட்டுப்பட்டிருக்கு, அழி, இது நாரையே இல்லை, பிளாஸ்டிக் பை, அழி. இப்படி இரக்கமில்லாமல் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒன்று மிஞ்சும். கண் கூர்மையாக இருக்கும், மூடினாலும் முழுதாகச் சேராத அலகின் நடுவே உள்ள இடைவெளி வழியாக வானம் தெரியும். அதை எடுத்தது பட்டனை அழுத்தியவரா, “இப்போ” என்று சொன்னவரா என்ற வழக்கு மட்டும் இரவுச் சாப்பாட்டைத் தாண்டியும் நடக்கும். சாட்சி சொல்ல நாரை வராது.