டபுள்ஸ் போன காலம்

ஒரு சைக்கிளில் இரண்டு பேர் போனால் அதற்கு டபுள்ஸ் என்று பெயர், டபுள்ஸ் போனால் போலீஸ் பிடிக்கும், பிடிக்கும் என்று தெரிந்தும் எல்லாரும் போனோம். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் அறுபதைத் தாண்டிய யாரை நிறுத்திக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், சொல்லும்போதே சிரிப்பும் வந்துவிடும். இன்றைக்கு அதே காரியத்தைச் செய்ய மணிக்கு இவ்வளவு என்று வாடகை கட்டி, முன்பணம் வைத்து, அடையாள அட்டையையும் ஒரு பையனிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. சைக்கிள் கொஞ்சம் நீண்டிருக்கிறது, பெடல் இரண்டு ஜோடியாகியிருக்கிறது, டாண்டம் என்று பெயரும் வந்திருக்கிறது. குற்றம் பொழுதுபோக்காக மாறுவதற்கு இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் எனக்குக் கல்யாணம் ஆனபோது, சொத்தென்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருந்தது ஒரு கறுப்பு ராலி சைக்கிள். டவுனில் சீனர் கடையில் தவணைக்கு எடுத்தது. தவுக்கே தன் நோட்டில் என் பெயரைச் சீனத்தில் எழுதிக்கொண்டார்; அது என் பெயர்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் மாதாமாதம் நான் கொடுத்த வெள்ளி மட்டும் சரியாகக் கழிந்தது. செயினை முழுசாக மூடிய கவர், பின் டயரில் உரசும் டைனமோ, வண்டியையே தூக்கி நிறுத்தும் இரட்டைக்கால் ஸ்டாண்டு, ஒரு மூட்டை அரிசியைத் தாங்கும் கேரியர். அந்தக் கேரியரில் ஒரு கோணிச்சாக்கை நாலாக மடித்து, பழைய டியூபைக் கிழித்த நாடாவால் இறுக்கிக் கட்டியதுதான் நான் புதுப்பெண்டாட்டிக்குச் செய்து கொடுத்த முதல் தளவாடம். ஊரிலிருந்து வந்த அவள் அப்பா அதைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெற்றிலை போடப் போய்விட்டார். சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

காலை ஐந்தரைக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. லயத்திலிருந்து ஆபீஸ் திடலுக்கு, அங்கே பெயர் கொடுத்துவிட்டு நமக்கு விழுந்த தீம்பாருக்கு, அதாவது பால் சீவும் ரப்பர் காட்டுக்கு. ஹேண்டிலின் இரண்டு பக்கமும் பால்வாளிகள், பாரில் சாப்பாட்டுத் தூக்கு, பின்னால் அவள் இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டுக்கொண்டு, ஒரு கையால் என் இடுப்புச் சட்டையையும் மறு கையால் உளிப் பையையும் பிடித்தபடி. இந்த டைனமோ விளக்கைப் பற்றி, அதை ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சக்கரம் வேகமாகச் சுற்றினால்தான் அது எரியும். ஆகவே இறக்கத்தில், வெளிச்சமே தேவையில்லாத நேரான செம்மண் சாலையில், கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கும். மேட்டில், குழியும் வேரும் கிடக்கிற இடத்தில், நாம் மூச்சு வாங்கி மெதுவாகும்போது, அதுவும் நம்மோடு சேர்ந்து மங்கி அணைந்துவிடும். அப்போது பின்னாலிருந்து குரல் வரும்: “ஏங்க, பாத்துப் போங்க.” எதைப் பார்ப்பது? ஆனாலும் பார்க்கிற மாதிரியே போவேன்.

அந்தக் காலத்து என்னை நினைத்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. பெல்பாட்டம் கால்சட்டை, பின்பாக்கெட்டில் சீப்பு, தமிழ் நேசன் ஞாயிறு பதிப்பில் என்றாவது கதை வரும் என்ற நினைப்பு. அந்தப் பெல்பாட்டத்தின் அகலம் செயின் கவரையும் மீறி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும் என்பதால் வலது காலில் ஒரு கிளிப் போட வேண்டும். ஒரு கால் மணிபோல விரிந்தும் மறு கால் சுருங்கியும் நான் டவுனில் இறங்கி நடந்த அழகை யாரும் படம் பிடிக்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம். 1961இல் வந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தில் சிவாஜி சைக்கிள் ஓட்டிக்கொண்டே பாடுவார் அல்லவா, அதைத் தோட்டத்துத் திடலில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டியபோது பார்த்த எங்கள் தலைமுறைக்கு, சைக்கிளில் ஏறினாலே சிவாஜி என்ற எண்ணம் வந்துவிடும். அவர் முன்னால் வாளி தொங்கவில்லை, பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, அவருக்கு டி.எம்.எஸ். குரல் கொடுத்தார் என்பதெல்லாம் மேடு வரும்போதுதான் ஞாபகம் வரும்.

ஆனால் கேரியரில்தான் எங்கள் குடித்தனம் நடந்தது. லயத்து வீட்டில் பேச்சு சுவரைத் தாண்டும். அடுத்த வீட்டு அக்கா நம் சண்டைக்குத் தீர்ப்பே சொல்லி அனுப்புவார். சைக்கிளில் அந்தத் தொல்லை இல்லை. யாருக்கு எவ்வளவு கடன், ஆயாக்கொட்டகையில் பிள்ளைக்குப் பால் சரியாகக் கொடுக்கிறார்களா, கிராணி ஏன் நம் பாலை மட்டும் குறைவாக நிறுக்கிறார், மகனுக்கு என்ன பெயர், தங்கச்சி கல்யாணத்துக்கு எதை அடகு வைப்பது, எல்லாம் தீம்பாருக்கும் லயத்துக்கும் நடுவே முடிவானவை. அவள் என் முதுகிடம் பேசுவாள். நான் தலையாட்டுவேன், இருட்டில் அது அவளுக்குத் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் அவளே தீர்மானித்துவிடுவாள். இந்த ஏற்பாடு இருவருக்குமே வசதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்கு மேல், தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, கோணிச்சாக்கின் மேல் ஒரு பூத்துண்டும் விரித்து, டவுனுக்கு. புக்கிட் மெலாவத்தி அடிவாரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்து ஏறுவோம். மேலே 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், மடியில் இருப்பதைப் பிடுங்கப் பார்க்கிற சாம்பல் நிற லோத்தோங் குரங்குகள், கீழே சேறும் அலையாத்திக் காடும் அதற்கப்பால் கடலும். கச்சான் பொட்டலம் ஒன்று. பாதி எங்களுக்கு, பாதி குரங்குக்கு. இப்போது வாரக் கடைசியில் அங்கே கார் ஏற விடாமல் டிராம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நடந்து ஏறுகிறவர்களை டிராமில் இருப்பவர்கள் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். நாங்களும் ஒருமுறை டிராமில் போய் அப்படித்தான் பார்த்தோம்.

படம் பார்த்துவிட்டு இரவில் திரும்பும்போது சில நாள் கம்போங் குவாந்தான் பக்கமாக ஆற்றோரம் திரும்புவேன். அங்கே பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள். ஆயிரக்கணக்கில், ஒன்றுபோல, சேர்ந்து எரிந்து சேர்ந்து அணையும். டைனமோவைக் காலால் தட்டிச் சக்கரத்திலிருந்து விலக்கி, விளக்கை அணைத்து, ஒரு காலை ஊன்றி நிற்போம். அதை நின்று பார்க்க வேண்டிய ஒன்று என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கொசு கடிக்கிற வரைக்கும் பார்ப்போம், அவ்வளவுதான். விளக்கில்லாமல் டபுள்ஸ் நிற்கிறோமே, போலீஸ் வந்தால் இரண்டு குற்றமாயிற்றே என்று மட்டும் உள்ளே ஒரு படபடப்பு. இப்போது அதே ஆற்றில் டிக்கெட் வாங்கி, உயிர்காப்பு அங்கி மாட்டி, சம்பானில் உட்கார வைத்து, “விளக்கு அடிக்காதீர்கள், பேசாதீர்கள்” என்று சொல்லித் துடுப்புப் போட்டு அழைத்துப் போகிறார்கள். உலகத்தின் பல மூலையிலிருந்தும் வருகிறார்கள். ஆற்றோர மரங்கள் வெட்டுப்பட்டதிலும் தண்ணீர் மாறியதிலும் மின்மினிகள் குறைந்துவிட்டன என்பது கவலை. பார்க்கிறவர்கள் கூடியதும் பார்க்க வேண்டியது குறைந்ததும் ஒரே காலத்தில் நடந்திருக்கிறது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. நாட்டிலேயே வியாபாரத்துக்கென்று முதன்முதலாகச் செம்பனை நட்டது 1917இல், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிறகு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கோன்கூர் பரிசும் வாங்கினார். தோட்டக்காரர் எழுத்தாளரானால் பரிசு, தோட்டத் தொழிலாளி எழுத்தாளரானால் ஞாயிறு பதிப்பு; சரி, போகட்டும். எங்கள் தோட்டத்திலும் பால்மரங்கள் சாய்ந்தன. சாய்ந்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் சைக்கிள் பாதைக்கு நிழல் கொடுத்தது அந்தக் கித்தா மரங்கள் என்று. மட்டையும் முள்ளும் கிடக்கிற செம்பனைக் காட்டுக்குள் ராலி போனால் பஞ்சரோடுதான் திரும்பும். ஹோண்டா மோட்டார் வாங்கினோம். அதில் டபுள்ஸ் சட்டப்படி சரி, ஆனால் எஞ்சின் சத்தத்தில் பேச்சு நின்றுபோனது. பிறகு புரோட்டோன் சாகா வந்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம், வானொலியைப் போட்டோம். தோட்டம் விற்றுப்போய்த் தாமான் வீட்டுக்கு வந்தோம். பத்தாங் பெர்ஜுந்தைக்கே பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்தார்கள். ஈஜோக்கிலிருந்து கோலாலம்பூர்ப் பக்கம் பசியாறுவதற்குள் போய்விடலாம். சைக்கிளுக்கு அதில் அனுமதி இல்லை.

ராலி எப்போது எங்கே போனது என்று வீட்டில் ஒருவருக்கும் சரியாக நினைவில்லை. பழைய இரும்புக்காரன் எடுத்துப்போயிருக்க வேண்டும் என்கிறாள் அவள். தன் கோணிச்சாக்கை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டதாகவும் சொல்கிறாள், நான் அதைப் பார்த்ததில்லை.

பிறகு எனக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். மகன் ஒரு சைக்கிளை வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கினான். அதற்குச் சக்கரமே இல்லை. தொலைக்காட்சிக்கு எதிரே வைத்து, நகராத வண்டியில் ஏறி, எத்தனை கிலோமீட்டர் ஓட்டினேன் என்று அது காட்டுகிற பொய்யை நான் நம்ப வேண்டும். ஒரு மாதத்தில் அதில் துண்டு காயப் போட்டார்கள். அப்போதுதான் மருமகள், “மாமா, புத்ராஜெயாவுல ரெண்டு பேர் ஓட்டுற சைக்கிள் வாடகைக்கு இருக்காம், அத்தையைக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வாங்களேன்” என்றாள்.

புத்ராஜெயா இருக்கிற இடமும் ஒரு காலத்தில் தோட்டம்தான். பிராங் பெசார், அதாவது பெரிய போர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ்காரர்கள் உருவாக்கியது. பால்மரம் வெட்டியவர்களுக்கு பிபி 86 என்ற மரத்தைத் தெரியும். அந்த பிபி அந்தத் தோட்டத்தின் பெயர்தான். அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களை டெங்கிலில் அடுக்குமாடியில் குடிவைத்துவிட்டு, ஏரி வெட்டி, பாலம் கட்டி, நாட்டின் நிர்வாகத் தலைநகரை எழுப்பினார்கள். யாரோ ஒரு ஜோடி வாளி தொங்கவிட்டு டபுள்ஸ் போன மண்ணில் நாங்கள் தலைக்கவசம் போட்டு டாண்டம் ஏறினோம்.

அதில் இரண்டு ஜோடிப் பெடலும் ஒரு தனிச் செயினால் கட்டப்பட்டிருக்கின்றன. முன்னவர் மிதித்தால் பின்னவர் காலும் சுற்றியே ஆக வேண்டும். அவர் நிறுத்தினால் இவரும் நிறுத்த வேண்டும். பின்னால் ஒரு ஹேண்டில் உண்டு, அது திரும்பாது. பிரேக்கும் முன்னவர் கையில். “புடிச்சிக்கிறதுக்கு மட்டும் ஒரு ஹேண்டிலா?” என்று அவள் கேட்டாள். ஏரியைப் பாதி சுற்றியதும் இறங்கிவிட்டாள். கால் வலிதான் காரணம் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு: “அப்பல்லாம் சைடா உக்காந்து காடு பூரா பாத்துக்கிட்டு வருவேன். மரம் வரிசை வரிசையா தொறந்து தொறந்து மூடும். இதுல உங்க முதுகைத் தவிர ஒண்ணும் தெரியலை. இதுக்கு வாடகை வேறயா?” இத்தனை வருஷத்தில் அந்த வரிசைகள் திறந்து மூடுவதை நான் பார்த்ததே இல்லை, நான் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1892இல் ஹாரி டேக்கர் என்ற ஆங்கிலேயர் எழுதிய ‘டெய்சி பெல்’ பாட்டில், கல்யாணத்துக்குக் குதிரை வண்டி வைக்க வக்கில்லாத காதலன் ஒருவன், இருவர் ஓட்டும் சைக்கிளைக் காட்டித்தான் பெண் கேட்கிறான். அன்று அது இல்லாதவனின் வாகனம். பினாங்கில் ஆர்மேனியன் தெருச் சுவரில் எர்னஸ்ட் ஸாகரேவிச் 2012இல் வரைந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள்: நிஜ சைக்கிள் ஒன்றைச் சுவரில் பதித்து, அதில் அக்காவும் தம்பியும் டபுள்ஸ். அதன் முன் நின்று படம் எடுக்க வரிசை. நாங்களும் நின்றோம். போலீஸ்காரர் ஒருவர் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார், அவள் என் காதில், “இவங்களைப் புடிக்கலையா?” என்றாள். பினாங்கு பெர்ரியிலும் ஒரு வேடிக்கை: 2021இலிருந்து அதில் கார் ஏற்றுவதில்லை, ஆட்களும் மோட்டாரும் சைக்கிளும் மட்டும்தான். காரை விட்டு வா, சைக்கிளோடு வா என்று ஒரு வாகனம் சொல்வதைக் கேட்க இத்தனை காலம் ஆனது.

கடைசியில் எங்களுக்குச் சரிப்பட்டது சொந்த ஊருக்குப் பக்கத்துச் செகிஞ்சான்தான். நேர்க்கோடாக வாய்க்கால், அதன் ஓரம் மேடில்லாத சாலை, இருபுறமும் வயல். வாடகை டாண்டத்தில் இப்போது அவள் முன்னால் உட்காருகிறாள். பிரேக் அவளிடம். மேடே இல்லாத ஊரில் எதற்கு அத்தனை முறை பிரேக் போடுகிறாள் என்று கேட்டால், பார்க்கிறதுக்கு என்கிறாள். நான் பின்னாலிருந்து, “பாத்துப் போ” என்கிறேன். முதுகிடம் பேசுவது எளிது என்பதும் எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நீங்களும் ஜோடியாகப் போவதாக இருந்தால் கதிர் பச்சையாக இருக்கும்போதோ, அறுப்புக்கு முன் மஞ்சளாகும்போதோ போங்கள். வருஷத்துக்கு இரண்டு போகம் என்பதால் இரண்டு வாய்ப்பு உண்டு. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் வயலில் ஒதுங்க நிழல் கிடையாது. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். யார் முன்னால் உட்காருவது என்பதை மட்டும் வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள், வாடகை மணிக்கணக்கு.