ஈயடிச்சான் காப்பி எடிட்டருக்குள் குடியேறிய கதை

கோபோல் மொழியில் இதுவரை எழுதப்பட்டது ஒரே ஒரு புரோகிராம்தான், மீதி எல்லாம் அதைப் பார்த்து அடித்த ஈயடிச்சான் காப்பி என்று பழைய கம்ப்யூட்டர் ஆசாமிகளிடம் ஒரு நக்கல் உண்டு. முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. 1959இல் அமெரிக்காவில் கமிட்டி போட்டு உருவாக்கிய மொழி அது. ஐடென்டிஃபிகேஷன், என்விரான்மென்ட், டேட்டா என்று மூன்று டிவிஷன் கடவுள் வாழ்த்து முடிந்த பிறகுதான் நான்காவதான ப்ரொசீஜர் டிவிஷனில் சம்பளக் கணக்கே ஆரம்பிக்கும்.

இதை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தட்ட யாருக்குப் பொறுமை? அப்போது நிரலை ஓட்டை போட்ட அட்டைகளில்தான் எழுதுவார்கள்: ஒரு வரிக்கு ஓர் அட்டை, அட்டைக்கு 80 கட்டம். கட்டு கைதவறி விழுந்தால் பிழைப்பு போச்சு. அதனால் கட்டின் விளிம்பில் சாய்வாக ஒரு கோடு இழுத்து வைத்துக்கொள்வார்கள். கலைந்தாலும் கோட்டைப் பார்த்து அடுக்கிவிடலாம். 1964இல் வந்த ஐபிஎம் 029 பஞ்ச் மெஷினில் 'டூப்' என்று ஒரு கீ இருந்தது. முந்தைய அட்டை உள்ளே நிற்க, அந்தக் கீயை அழுத்திப் பிடித்தால் அதே ஓட்டைகள் புது அட்டையில் தடதடவென்று விழும். மாற்ற வேண்டிய கட்டம் வந்ததும் கையை எடு, அதை மட்டும் தட்டு, மறுபடி டூப். சுருக்கமாக எதையோ தட்டினால் முழு நிரல்துண்டாக விரியும், இன்று 'ஸ்னிப்பெட்' என்று நாம் பீற்றிக்கொள்ளும் சமாசாரத்தின் கொள்ளுத்தாத்தா இந்தக் கீதான்.

திரை வந்தது, அட்டை போனது, சோம்பல் மட்டும் அப்படியே இருந்தது. 029க்கும் முன்பே, 1962இல் டான் மர்ஃபி எம்ஐடியில் டெக்கோ என்ற எடிட்டரை எழுதினார். அதில் கட்டளைகள் எல்லாம் ஒற்றை எழுத்துகள். சொந்தப் பெயரைக் கட்டளையாகத் தட்டி, என்ன நாசமாகிறது என்று பார்ப்பது டெக்கோக்காரர்களின் பொழுதுபோக்கு. பிறகு ரிச்சர்ட் ஸ்டால்மன் எந்தக் கீயைத் தட்டினாலும் ஒரு மேக்ரோ, அதாவது கட்டளைகளின் தொகுப்பு, ஓடும்படி அதை மாற்றிக் கொடுத்தார். விட்டால் போதாதா? ஆளுக்கொரு மேக்ரோ எழுதிக் குவித்தார்கள். ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் எந்தக் கீ எதைச் செய்யும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். பஞ்சாயத்துக்குக் கை ஸ்டீல் என்பவர் வந்தார், ஸ்டால்மன் முடித்து வைத்தார். அப்படி 1976இல் பிறந்ததுதான் ஈமேக்ஸ்.

அதே காலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டிம் டைட்டெல்பாம், தாமஸ் ரெப்ஸ் என்ற இருவர் வேறு ரூட்டில் போனார்கள். அவர்கள் செய்த 'கார்னெல் புரோகிராம் சிந்தசைசர்' என்ற எடிட்டரில் மாணவன் சுருக்கமாக ஒரு கட்டளை கொடுத்தால் போதும், 'இஃப்-தென்-எல்ஸ்' முழுசாகத் திரையில் வந்து உட்காரும். காலி இடங்களை நிரப்புவது மட்டும் அவன் பாடு. கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது! சிக்கல் என்னவென்றால், வந்து உட்கார்ந்த 'தென்'னை யாராலும் தொட முடியாது. கர்சர் அந்த எழுத்துகளுக்குள் நுழையவே நுழையாது. 'இஃப்' வேண்டாம், 'வைல்' வேண்டும் என்று மனசு மாறினால், உள்ளே எழுதியதை வெளியே எடுத்து வைத்து, சட்டத்தைத் தூக்கி எறிந்து, புதுச் சட்டம் போட்டு, திரும்ப உள்ளே தள்ள வேண்டும். தப்பே செய்ய விடாத எடிட்டர் வாத்தியார்களுக்குத்தான் சொர்க்கம். வேலை பார்க்கிறவன் பாதி நேரம் அரைகுறையாகத்தான் எழுதிவைப்பான். அந்த உரிமையைப் பறித்தால் ஓடிவிடுவான். ஓடினார்கள்.

2004இல் டென்மார்க்கைச் சேர்ந்த அலன் ஓட்கார்ட் மேக் கணினிக்கு டெக்ஸ்ட்மேட் என்ற எடிட்டரை வெளியிட்டார். ஒரு சின்னச் சொல்லைத் தட்டி டேப் கீயை அழுத்தினால் முழு நிரல்துண்டும் விரியும். மறுபடி டேப், அடுத்த காலி இடம். ஓரிடத்தில் தட்டிய பெயர் இன்னோரிடத்திலும் தானாக மாறும். பிடிக்காவிட்டால் எந்த எழுத்தையும் அழித்துக்கொள்ளலாம், கேட்பாரில்லை. கார்னெல் விட்ட இடம் இதுதான். அடுத்த வருஷம் டேவிட் ஹெய்ன்மெயர் ஹான்சன் 15 நிமிடத்தில் ஒரு வலைப்பதிவைக் கட்டி, வலைத்தளம் கட்ட உதவும் தன் ரெயில்ஸைக் காட்டினார். அவர் கையில் இருந்தது டெக்ஸ்ட்மேட். ரெயில்ஸைப் பார்க்கப் போனவர்களில் பல பேர் எடிட்டரைப் பார்த்து ஜொள்ளு விட்டுத் திரும்பினார்கள்.

அப்புறம் ஓட்கார்ட் இரண்டாம் பதிப்பு வரும், வரும் என்றார். சோதனைப் பதிப்பு எட்டிப் பார்த்தது 2011 டிசம்பரில். அதுவரை ஊர் சும்மா இருக்குமா? விம் எடிட்டருக்கு ஸ்னிப்மேட், ஈமேக்ஸுக்கு யாஸ்னிப்பெட் என்று வரிசையாக வந்துவிட்டன. சப்ளைம் டெக்ஸ்ட் என்ற எடிட்டரும் அதே டேப் வித்தையோடு வந்து இறங்கியது. காப்பியடிக்க உதவும் கருவியையே காப்பியடித்துவிட்டார்கள். இதில் யாரைக் குற்றம் சொல்ல?

2021இல் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி வந்து, சுருக்கச் சொல்லைத் தட்டும் சிரமத்தையும் ஒழித்துவிட்டதாகச் சொன்னது. அதுவும் ஊரார் எழுதிய நிரலைப் படித்து வளர்ந்த பிள்ளைதான்.

மைக்ரோசாஃப்ட்டின் விஎஸ் கோட் எடிட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு ஸ்னிப்பெட் கோப்பைத் திறந்து பாருங்கள். டாலர் குறியோடு ஒன்று, இரண்டு என்று காலி இடங்களுக்கு எண் போட்டிருக்கும். கர்சர் கடைசியாக நிற்கும் இடத்துக்கு டாலர் பூஜ்யம். எல்லாம் டெக்ஸ்ட்மேட் இலக்கணம். மைக்ரோசாஃப்ட்டின் ஆவணமே இதைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறது.