விடிய விடியக் கதை திருத்துவது எப்படி?

முதல் வரைவை எழுதி முடித்துவிட்டீர்களா? நல்லது. இனி அதைப் படிக்காமல் திருத்த வேண்டும். படித்தால் காரியம் கெட்டது. இதைவிட நல்ல கதை தமிழில் இல்லை என்று தோன்றும். இல்லாவிட்டால் பரணில் தூக்கிப் போடத் தோன்றும். இரண்டிலும் கை ஓடாது. ஒரே கதையை நான்கு வருடம் திருத்தியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதலில் பிரதியை ஆறப்போட வேண்டும். எத்தனை நாள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருவது. ஆகவே பிப்ரவரியில் ஆறப்போட்டால் நவம்பர் முடிய ஆறலாம். டிசம்பரில் பதிப்பாளர் போன் செய்து “சார், பிரதி?” என்பார். அன்றிரவு உட்காருங்கள். அந்த மாதத்தில் மெய்ப்புப் பார்ப்பவர்களின் கண்களைப் பார்த்தால், நீங்கள் தனி ஆள் இல்லை என்பது விளங்கும்.

உட்கார்ந்ததும் பாத்திரங்களின் பெயரை மாற்றுங்கள். மூளைக்கு வேலை இல்லை, திருத்திய திருப்தியும் கிடைக்கும். என் கதாநாயகி கலா. என் மைத்துனி பெயரும் அதுவே என்பதை வீட்டில் நினைவூட்டினார்கள். கணினியில் ஒரே சொடுக்கில் கலாவை மாலதியாக்கினேன். விளைவாக, அவள் தமிழ் மாலதிச்சாரத்தில் ஊறிய பெண் ஆனாள். கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துவதில் பெரிய மாலதிட்டா நடந்தது. பள்ளிக்கூடச் சுவரில் அப்துல் மாலதிம் படமாகத் தொங்கினார்.

அடுத்தது ஒற்று. இதில் இறங்கினால் ஒரு வருடம் நிம்மதியாகப் போகும். இரண்டாம் பக்கத்தில் என் நாயகன் மணி, மில் முதலாளியிடம் போய் “ஐயா, வேலை கொடுங்கள்” என்று கெஞ்சுகிறான். இலக்கணம் தெரிந்த திமிரில் நான் நடுவே ஒரு ‘க்’ போட்டேன். வேலைக் கொடுங்கள். அதாவது, முருகன் கையில் இருக்கிறதே, அது. மூன்று வரைவுகள் வரை மணி பட்டினியோடு ஆயுதம் கேட்டுக்கொண்டிருந்தான். வர்க்கப் போராட்டம் கூர்மையாக வந்திருக்கிறது என்று ஒரு தோழர் பாராட்டினார். அவருக்காக அதை விட்டுவைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

‘ஒரு’வை எண்ணுங்கள் என்று விவரமானவர்கள் சொல்வார்கள். ஒரு மாலை நேரத்தில் ஒரு தெருவில் ஒரு கிழவர் ஒரு குடையோடு நடந்தார் என்றால், நாலில் மூன்று தண்டம். உண்மைதான். ‘ஏனோ’வும் அப்படியே. அவளுக்கு ஏனோ அழுகை வந்தது என்று எழுதினால், ஏன் என்று எழுத்தாளனுக்கே தெரியவில்லை என்று அர்த்தம். எடுத்துவிடுங்கள். எடுத்தால் காரணம் சொல்ல வேண்டிவரும் என்பதால் நான் எடுக்கவில்லை.

வட்டார வழக்குக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். மணி முதல் பக்கத்தில் ‘என்னலே’ என்கிறான், ஐந்தாம் பக்கத்தில் ‘சொல்லுங்ணா’ என்கிறான். நடுவில் இரண்டு வருடம் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்தான் என்று ஒற்றை வரி சேர்த்தேன். தீர்ந்தது.

முடிவைத் திருத்துவது தனிக் கலை. ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருப்பி எழுதியதாக ஹெமிங்வே 1958இல் வெளியான பேட்டியில் சொன்னார். இந்தத் தகவல் மிகவும் பயன்படும், டீக்கடையில் சொல்வதற்கு.

பிறகு யாரிடமாவது காட்ட வேண்டும். நம் ஊரில் இதற்குப் பழைய முறை உண்டு. மதுரையில் சம்பந்தர் வைகையில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறியது என்கிறது பெரியபுராணம். வைகையை நம்பி இன்று பிரதியை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. மனைவியிடம் கொடுத்தேன். என் கதை ‘கிழக்கு வெளுத்தது’ என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் விடியும். பனித்துளி, கரிச்சான், பால்காரர் எல்லாம் உண்டு. அவள் அந்த ஒன்றரைப் பக்கத்தையும் படித்துவிட்டு, “விடிஞ்சது போதுங்க, மணி எப்ப வருவான்?” என்றாள். அவளுக்கு இலக்கியம் தெரியாது.

திருத்தும் காலத்தில் உங்களைவிட நன்றாக எழுதுகிறவர்களைப் படிக்காதீர்கள். கம்பர் பாட்டைக் கேட்ட ஒட்டக்கூத்தர் தன் ராமாயணத்தைக் கிழித்துப் போட்டார், கம்பர் ஓடி வந்து தடுத்ததில் உத்தர காண்டம் மட்டும் தப்பியது என்று ஒரு கதை வழங்குகிறது. நம்முடையதைத் தடுக்க யார் ஓடி வருவார்கள்?

உண்மையில் வர வேண்டியவர் பதிப்பாசிரியர். 1974இல் தொடங்கிய க்ரியாவின் ராமகிருஷ்ணனைப் போல வரி வரியாகப் பிரதியோடு மல்லுக்கட்டியவர்களைத் தமிழில் விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றபடி நம் பக்கத்தில் பதிப்பாசிரியர், மெய்ப்புப் பார்ப்பவர், பார்சல் கட்டுபவர் மூவரும் ஒருவரே. அவரைக் குறை சொல்வது பாவம்.

எனக்கு வாய்த்தவர் பென்சிலும் கையுமாக வந்தார். பின்னோக்கு வேண்டாம் என்றார். ஐந்து பக்கம் போனது. மில் காட்சி தேய்ந்த சமாச்சாரம் என்றார். மணி வேலும் இல்லாமல் வேலையும் இல்லாமல் வெளியேறினான். மாலதியே அவசியமில்லை என்றார். பெயரை மாற்றப் பட்ட பாட்டை நினைத்துக் கண் கலங்கினாலும் சம்மதித்தேன். அந்த விடியலையும் எடுத்துவிடலாமே என்றபோதுதான் எனக்கு வந்ததே கோபம். நான்கு வருடத்தில் நான் ஒற்றைப் புள்ளிகூடத் தொடாத பகுதி அது ஒன்றுதான்!

ஆக, விடியல் மட்டும் மிஞ்சியது. வரிகளை அங்கங்கே உடைத்து, கவிதை என்று மேலே எழுதி, ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். அடுத்த இதழிலேயே வந்துவிட்டது.

இதழை மனைவியிடம் நீட்டினேன். அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் வரை நின்றபடியே படித்தாள்.

“ம்… விடிஞ்சுது” என்றாள்.