பின் சில்லுக்கு மட்டும் சுயாட்சி

பெல்மதுளைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கராஜில் மொரிஸ் மைனர் ஒன்று பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சொந்தக்காரருக்கு மாணிக்கத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டம். 2020இல் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த காலத்தில் பழைய இரும்புக்கும் மாணிக்க விலைதான். மனுஷன் அடிபட்ட ஜாகுவார் ஒன்றின் பின்பக்க சஸ்பென்ஷனை அப்படியே கழற்றி வாங்கி வந்துவிட்டார்.

"பாஸ், இத மாட்டினா ரெண்டு சில்லும் தனித்தனியா வேல செய்யுமாம்."

1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் மாகாணத்துக்கே முழுசாகத் தராத அதிகாரத்தை, ஜாகுவார்காரன் 1961இலேயே பின் சில்லுகளுக்குக் கொடுத்துவிட்டான்! டிஃபரன்ஷல், பிரேக் டிஸ்க், நான்கு சுருள் ஸ்பிரிங் எல்லாம் ஒரே இரும்புக் கூட்டுக்குள். வில்லங்கம் அதைத் தாங்க வேண்டிய இடத்தில். மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, தகரமே எலும்பு. அதிலும் பாதியை இரத்தினபுரி மழை தின்றிருந்தது. கராஜ் பாஸ் ஸ்குரூ டிரைவரால் ஒரு குத்துக் குத்தினார். பிடி வரைக்கும் போனது.

பிறகென்ன, பெட்டி இரும்பு, குறுக்குச் சட்டம், மூலைத் தகடு என்று மூன்று மாத வெல்டிங். ஜாகுவாரின் அகலத்துக்கு மட்கார்டு பத்தவில்லை என்று அச்சுகளையும் வெட்டிக் குறுக்கினார்கள். காருக்குள் இன்னொரு கார் முளைத்தது.

"எப்படி பாஸ்?"

"சஸ்பென்ஷன் நல்லாயிருக்கு ஐயா. றோட்டத்தான் மாத்தணும்."

கழற்றிப்போட்ட பழைய பட்டை ஸ்பிரிங்கைக் கொல்லர் கவ்வாத்துக் கத்தியாக அடித்துவிட்டார். இப்போதைக்கு மலையேறி இறங்குவது அது மட்டும்தான்.