கரண்ட் போனால் கேர்சர் எங்கே?

கேள்வி: மின்வெட்டு வந்தால் லப்டொப் பற்றரியில் ஓடுகிறது, பக்கத்து மொனிட்டர் அணைந்துவிடுகிறது. அதில் நின்ற கேர்சர் எங்கே போய்த் தொலைகிறது?
– கப்பல் முகவர் அலுவலக ஊழியர், உட்துறைமுக வீதி, திருகோணமலை

பதில்: எங்கும் தொலையவில்லை. விட்ட இடத்திலேயே இருட்டில் நிற்கிறது. பொய் சொல்வது மொனிட்டர்தான். எச்.டி.எம்.ஐ. கேபிளின் 18ஆவது முனையில் கணினி 5 வோல்ற் அனுப்பும். அதுவே 19ஆவது முனை வழியாகத் திரும்பி வந்தால் 'மொனிட்டர் இருக்கிறது' என்று கணினி எடுத்துக்கொள்ளும். பல மொனிட்டர்களில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னத் தடையிதான் உண்டு. சுவரில் கரண்ட் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை இருளில் இருந்தோமே, பாணந்துறையில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அமைச்சர் சொன்ன 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடே அணைந்ததே, அப்போதும் இந்த வகை மொனிட்டர்கள் லப்டொப்புக்கு உயிரோடுதான் தெரிந்திருக்கும். செத்த திரையில் கேர்சரைத் தேடி மேசையெல்லாம் மவுஸை இழுக்க வேண்டாம், கேபிளைக் கழற்றுங்கள். டிஸ்பிளே போர்ட் மொனிட்டர்கள் பலவற்றின் குணம் நேரெதிர்: சுவிட்சைத் தட்டினாலே விடைபெற்றுக்கொள்ளும். அது வேறு வழக்கு.

கேள்வி: கழற்றினேன். கேர்சர் லப்டொப் திரையின் ஓரத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. நடுவில் வந்து நின்றால் கண்ணில் படுமே?

பதில்: படும், ஆபத்தும் அங்கேதான். லினக்ஸின் எக்ஸ் சேர்வரில் விதி தெளிவாக இருக்கிறது: திரை மறைந்தால், மிச்சமிருக்கும் திரைகளில் மிக அருகிலுள்ள புள்ளிக்குக் கேர்சர் நகரும். 1920 புள்ளி அகலமான முதல் திரைக்கு வலப்புறம் 2500இல் நின்றது 1919இல் வந்து நிற்கும். உயரம் இரண்டு திரைக்கும் பொதுவென்றால் அது மாறாது. மவுஸை வலப்பக்கம் தள்ளிய கை முதலில் தேடுவதும் வலது ஓரத்தைத்தான். நடுத்திரையோ 'அழிக்கவா?' என்று கேட்கும் பெட்டிகள் முளைக்கும் இடம். பதற்றத்தில் ஒரு கிளிக் அங்கே விழுந்தால் சீனக்குடா மா ஆலைக்கு வரும் கோதுமைக் கப்பலின் பத்திரம் போய்விடும். வலது மேல் மூலையில் மூடும் பொத்தான் இருக்கிறதே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் சேமிக்காத பத்திரத்தை மூடப் போனால் பெரும்பாலான மென்பொருள்கள் ஒருமுறை கேட்கும். அழிக்கவா என்று கேட்டுவிட்ட பெட்டி மறுபடி கேட்காது.

கரண்ட் வந்ததும் கேர்சரைப் பழைய இடத்துக்கே அனுப்பலாமே என்று அடுத்து வருவீர்கள். வேண்டாம். சாளரங்களை நீங்கள் யோசித்து வைத்தீர்கள். ஆகவே மொனிட்டர் திரும்பியதும் அவற்றைப் பழைய இடத்தில் போட விண்டோஸ் 11இல் ஒரு தெரிவு இருப்பது சரி. கேர்சர் அப்படியல்ல, அது கையோடு திரிவது. கரண்ட் வரும் நேரத்தில் அந்தக் கை லப்டொப் திரையில் ஒரு பட்டியலைப் பாதி தெரிவுசெய்து இழுத்துக்கொண்டிருக்கும்.