விண்டருக்கு ஊர் போறவர்கள்

ஸ்காபரோவில் ஒரு வீட்டின் ஹோலுக்குள் ஒக்டோபர் மாதக் கடைசியில் நான்கு சூட்கேஸ் வாய் பிளந்து கிடந்தால், உள்ளே ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத் தம்பதி ஒன்று இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கனடாவின் வெள்ளைக்காரப் பெரியவர்கள் குளிருக்குப் புளோரிடா போவார்கள், இவர்களுக்கு யாழ்ப்பாணம். நவம்பர் கடைசியில் விமானம் ஏறினால் மார்ச் கடைசியில்தான் திரும்புவார்கள்.

"கிறிஸ்மஸுக்கு நிண்டுட்டுப் போங்கோவன் அப்பா" என்று மகள் கெஞ்சுவாள். டிசம்பர் நடுப்பகுதியில் டிக்கெட் விலை ஏறிவிடும் என்று ஐயா பதில் சொல்வார். அது உண்மைதான். பள்ளிக்கூட விடுமுறை இரண்டு கிழமையும் பேரப்பிள்ளைகளைப் பார்க்க மகளுக்கு ஆள் தேவை என்பதும் உண்மை. ஐயா ஓகஸ்டிலேயே டிக்கெட் எடுத்துவிட்டதற்கு எந்த உண்மை காரணம் என்று அம்மா இதுவரை வாய் திறந்ததில்லை.

பயணத்தில் இருவருக்கும் வேலைப் பிரிவினை உண்டு. ஐயா நாட்களை எண்ணுவார். அம்மா கிலோவை எண்ணுவார்.

பன்னிரண்டு மாதத்தில் 212 நாளுக்கு மேல் ஒன்ராறியோவுக்கு வெளியே நின்றால் மாகாண மருத்துவக் காப்புறுதி போய்விடக்கூடும். வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு தரும் மேலதிகக் கொடுப்பனவோ ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே நின்றால் நின்றுவிடும். ஐயா போவது நான்கு மாதத்துக்கு. ஆனாலும் கோயில் கலண்டரில் சிவப்புப் பேனையால் ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டு வருவார். ஒட்டாவாவில் இருந்து ஓர் அதிகாரி வந்து நல்லூர் வீதியில் கச்சான் வாங்குகிற சாட்டில் தன்னைக் கண்காணிக்கிறார் என்று நம்புகிறாரோ என்னவோ.

அடுத்தது பயணக் காப்புறுதி. வெளிநாட்டில் ஆஸ்பத்திரியில் படுத்தால் மாகாணம் நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 டொலர்தான் தரும். ஆகவே தனியார் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும். அதிலே ஒரு கண்ணி இருக்கிறது: புறப்படுவதற்கு முன்னான சில மாதங்களில் மருந்தின் அளவு மாறியிருந்தால், அந்த நோய்க்கான செலவைப் பல நிறுவனங்கள் ஏற்காது. விளைவு, ஓகஸ்டுக்குப் பிறகு ஐயா குடும்ப வைத்தியரின் தெருவாலேயே போகமாட்டார். பிரஷர் கூடினாலும் குறைந்தாலும் அது அவருக்கும் கடவுளுக்கும் இடைப்பட்ட விஷயம். குளிசை மட்டும் மாறக்கூடாது.

அம்மாவின் துறை கடினமானது. ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. கொஸ்கோவில் வாங்கிய சொக்லேட், தைலனோல், விற்றமின் போத்தல்கள், முழங்கால் நோவுக்குப் பூசும் மருந்து, பேரனுக்குச் சின்னதாகிப்போன சப்பாத்து. அதே சொக்லேட் யாழ்ப்பாணக் கடைகளிலும் கிடைக்கிறது என்று யாரும் அவரிடம் சொல்லத் துணிவதில்லை.

"இஞ்சருங்கோ, அந்தப் பெட்டியை இன்னொருக்கா நிறுத்துப் பாருங்கோ."

"இருபத்திரண்டரை எண்டு மூண்டுதரம் சொல்லிப்போட்டன்."

"அப்ப இன்னும் அரைக் கிலோ வைக்கலாம்."

கட்டுநாயக்கவில் இறங்கி வடக்கே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் வான் பிடித்துப் போகவேண்டும். 2014இல் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது என்றாலும், எட்டுப் பெட்டியோடு யார் ரயில் ஏறுவது? (நான்கு பெட்டி எப்படி எட்டானது என்று கேட்காதீர்கள். அடுத்த வீட்டுக்காரர் "ஒரு சின்னப் பார்சல்" தந்திருப்பார். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?)

குளிருக்குத் தப்பி வந்தவர்களை வரவேற்பது வடகீழ்ப் பருவ மழை. ஒழுங்கையில் வெள்ளம், வீட்டுக்குள் நுளம்பு, கூடவே டெங்குப் பயம். மார்கழியில் விடியப்புறம் கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை. முதல் கிழமை இருவரும் பக்தியோடு கேட்பார்கள். இரண்டாம் கிழமை ஐயா சொல்வார்: "கனடாவிலயெண்டா பொலிஸ் வந்திருக்கும்." 25 பாகைக்கு ஊரார் காதைச் சுற்றிச் சால்வை கட்டியிருக்க, இவர் பெனியனோடு முற்றத்தில் நிற்பார். இரண்டு சொக்லேட்டுக்கு ஒருமுறை "அங்க மைனஸ் இருபது" என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். அந்தக் குளிரைத் தன் கையாலேயே செய்துவைத்துவிட்டு வந்தவர் மாதிரி.

ஆனால் ஐயாவின் மெய்யான பொழுதுபோக்கு கைபேசிதான். ஸ்காபரோ வீட்டு வாசல் மணியில் கமரா பூட்டியிருக்கிறது. சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி, விறாந்தையில் வேர்த்து வடிய, தன் வாசலில் பனி விழுவதை மணிக்கணக்காகப் பார்ப்பார். இங்கே காலை எட்டு மணி என்றால் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு ஒன்பதரை. மகனுக்கு அழைப்புப் போகும்.

"தம்பி, ட்ரைவ்வேயில அரை அடி கிடக்குது. வழிச்சுவிட்டாத்தான் வீட்டில ஆள் இருக்கெண்டு சனம் நினைக்கும். உள்ளுக்குப் போய் ஹீற்றரையும் ஒருக்காப் பார். பைப் உறைஞ்சு வெடிச்சா, வீட்டை இத்தனை நாளுக்கொருக்காப் பார்க்கேல்லையெண்டு இன்சூரன்ஸ்காரன் காசு தரமாட்டான்."

மகன் மார்க்கம் நகரில் இருக்கிறான். முப்பது நிமிடம் கார் ஓட்டி வருவான். அவன் பனி வழிப்பதையும் ஐயா கமராவில் பார்ப்பார். மூலையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்பார்.

ஓய்வு என்று பார்த்தால் இவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் வேலை. கிணறு இறைக்க வேண்டும், ஓடு மாற்ற வேண்டும், வேலி எல்லை அரை முழம் நகர்ந்த வழக்கைப் பேச வேண்டும். பொங்கல் முடிந்து தை முகூர்த்தங்கள் தொடங்கினால் ஒரே நாளில் இரண்டு கலியாணம். நடுவில் பலாலியில் விமானம் ஏறிச் சென்னைக்கு ஒரு சீலைப் பயணம். பல் கட்டுவதும் ஊரில்தான்; முதியோருக்கான பல் மருத்துவத் திட்டம் 2024இல் கனடாவில் வந்துவிட்டது என்று மகள் சொன்னாலும், "ஊர்ப் பல் டொக்டர் என்ர பல்லை அறிஞ்சவர்" என்பது ஐயாவின் வாதம்.

திரும்பும்போது பெட்டிக்குள் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, பருத்தித்துறை வடை. எல்லாம் ஸ்காபரோத் தமிழ்க் கடைகளில் கிடைக்கும். இதையும் யாரும் அம்மாவிடம் சொல்வதில்லை.

மார்ச் மாதத்துக்குப் பிறகு ஒரு நாளும் தங்காததற்குக் காரணம் இருக்கிறது. ஏப்ரல் 30க்குள் வருமான வரிக் கணக்குக் கொடுக்காவிட்டால், அந்த மேலதிகக் கொடுப்பனவு ஜூலையில் தடைப்படக்கூடும். ஐயா அந்தக் கணக்கைத் திரும்பிய முதல் கிழமையிலேயே கொடுத்துவிடுவார். இரண்டாம் கிழமை, நவம்பர் டிக்கெட் என்ன விலை போகிறது என்று பயண முகவரிடம் விசாரிப்பார்.